தறப்பாளின் கீழ்

விடியுமுன் பெய்த மழை. தறப்பாளின் நடுவே தண்ணீர் குழிகட்டி நிற்கிறது. உள்ளங்கையால் கீழிருந்து உயர்த்த, ஓரத்தால் வழிந்து கானுக்குள் போகிறது.

உள்ளங்கையில் குளிர்.

*

தறப்பாளின் கீழ் ஒரு மொரிஸ் மைனர். இரண்டாகப் பிரிந்த முன்கண்ணாடி. இரண்டு கதவுகள். 803 சிசி, 30 குதிரைவலு. சக்கரங்கள் சுவரோரம் சாய்ந்திருக்கின்றன. கார் நான்கு மரக்கட்டைகளில் இருக்கிறது.

வாசற்படிக்கும் காரின் பின்பக்கத்துக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவு இடம். வருகிறவர்கள் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு வருகிறார்கள்.

*

ஒழுங்கை முடிகிற இடத்தில் கொழும்பின் புதுக்கடைக் குன்று. நீதிமன்றங்கள். கறுப்புக் கோட்டுகள் ஏறிப் போகின்றன. கோப்பை மார்போடு அணைத்தபடி வெளியூர்க்காரர்கள் நிழல் தேடுகிறார்கள். மத்தியானத்துக்குள் பலர் இறங்கிவிடுகிறார்கள். அடுத்த தவணை கிடைத்திருக்கிறது.

கிளச்சுத் தட்டு அடுத்த மாதம்.

*

பிஸ்கட் தகரத்தில் மண்ணெண்ணெய். அதற்குள் சின்னச் சின்னச் சாமான்கள். ஒரு பழைய பல்தூரிகை. கறுப்புக் கரைந்து இறங்குகிறது. அடியில் மண் படிகிறது. எந்தத் தெருவின் மண் என்று ஓர் எண்ணம் வருகிறது. போகிறது.

ஒரு ஸ்பிரிங் வெளியே வருகிறது. துடைக்கத் துடைக்க வெளிச்சம்.

*

ஸ்க்ரூட்ரைவரின் பிடியால் உடம்பைத் தட்டிக்கொண்டே போகிறேன். தகடு உள்ள இடம் ஒலிக்கிறது. பட்டி பூசிய இடம் ஒலிப்பதில்லை. கதவுக்குக் கீழே, படியோரம் நெடுக, ஓசை மங்கிக்கொண்டு வருகிறது. பின்சக்கர வளைவுக்குக் கிட்ட ஓசையே இல்லை.

இன்னொரு தட்டு. பிடி உள்ளே போகிறது.

துளைக்குள் இருட்டு. ஈர இரும்பின் மணம்.

*

கறள், தான் தின்ற இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிக்கிறது. அதனால் பெயின்ட் எழும்பிக் கொப்புளிக்கிறது. கொப்புளம் கண்ணில் படும் நாளில் உள்ளே நெடுங்காலம் கழிந்திருக்கிறது.

தண்ணீர், காற்று, கொஞ்சம் உப்பு. இங்கிருந்து கடல் தூரமில்லை.

*

வாட்டர் பேப்பரை நனைத்து வட்டமாகத் தேய்க்கிறேன். கிறீம் நிறம் போகிறது. கீழே நீலம். நீலத்துக்குக் கீழே தூரிகையால் அடித்த கறுப்பு. பிறகு செங்காவி. பிறகு ஒரு சாம்பல் பச்சை. பிறகு இரும்பு.

ஒரு கையகல இடத்தில் எல்லாம் வளையம் வளையமாகத் தெரிகின்றன. தேய்ப்பதை நிறுத்தி இருக்கிறேன்.

நீல நிறத்தை விரும்பியவர் யார்.

*

ஒரு நட்டு அசையவில்லை. அதன்மேல் ஒயில் ஊற்றி விட்டுவிடுகிறேன். இரவு முழுக்க ஒயில் புரிக்குள் இறங்கும். அதற்கு உதவ எதுவும் இல்லை.

காலையில் ஸ்பனரை வைக்கிறேன். அசையவில்லை. மறுபடி ஒயில்.

*

பஞ்சிகாவத்தை. நடந்து போகலாம்.

கடைகளுக்கு முன்னால் கியர்ப்பெட்டிகள் அடுக்கில் இருக்கின்றன. கதவுகள் கொக்கிகளில் தொங்குகின்றன. கழற்றிய முகங்கள், விளக்கில்லாத குழிகள். நடைபாதை முழுக்கக் கறுப்பாய், காலுக்குப் பிசுக்காய். ஒயில் மணமும் சமோசா மணமும் ஒன்றாய் வருகின்றன. விலை சிங்களத்தில் தொடங்கித் தமிழில் இறங்கி, சில்லறையோடு முடிகிறது.

ஜப்பான் கார்களின் சாமான்தான் நிறைய. மைனர் என்றதும் கடைக்காரர் கொஞ்சம் பேசாமல் நிற்கிறார். பின்பக்கம் போகிறார். நேரம் போகிறது. தகரங்கள் சரியும் சத்தம்.

கையில் ஒரு தண்ணீர்ப் பம்போடு வருகிறார். ஒஸ்டினுடையது. ஏ30. 1952 இல் ஒஸ்டினும் மொரிஸும் ஒரே நிறுவனமாகின்றன. ஒஸ்டினின் எஞ்சின் மைனருக்குள் ஏறுகிறது. பெயர் வேறு. ஆணித்துளைகள் ஒன்று.

பம்பின் அச்சை விரலால் சுற்றிப் பார்க்கிறேன். அரைக்கிறது. திருப்பிக் கொடுக்கிறேன். அவர் மறுபடி பின்பக்கம் போகிறார்.

*

பழைய சோனகத் தெரு. ஆணியும் நட்டும் நிறுத்து விற்கிற கடைகள். தராசில் விழும் இரும்பின் சத்தம், கடைக்குக் கடை.

மைனரின் புரிகள் அங்குல அளவில். இப்போது வருகிறவை மில்லிமீற்றரில். தவறான ஆணி முதல் இரண்டு சுற்று நல்லபடி போகிறது. மூன்றாவதில் பிடிக்கிறது. விரலுக்கு அது முதலே தெரிகிறது. கண்ணுக்குத் தெரிவதில்லை.

*

காசு இல்லாத கிழமைகளில் பார்ப்பது மட்டும்.

தறப்பாளைப் பாதி தூக்கி, கவிழ்த்த பெற்றோல் வாளியில் இருக்கிறேன். பொனெற்றின் வளைவில் தென்னங்கீற்றின் நிழல். பல்லில்லாத ஒரு கிழவர் நின்று, தன்னிடமும் ஒன்று இருந்தது என்கிறார். அது ஒஸ்டின். அது பச்சை. அவ்வளவுதான் சொல்கிறார். போகிறார்.

நிழல் நகர்ந்து மற்ற மட்கார்ட்டுக்கு வந்திருக்கிறது.

*

பொனெற்றின் நடுவே நீளவாக்கில் ஒரு தட்டையான பட்டை. விரல் ஓடும்போது இரண்டு பக்கமும் சிறு விளிம்பு.

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். ஸ்மிர்னாவில் பிறந்தவர். 1948 இல் கார் வெளியே வருவதற்கு முன், மாதிரி வண்டி ஒடுக்கமாய் இருப்பதாக அவருக்குப் படுகிறது. அதை நெடுக்காக இரண்டாய் அறுக்கச் சொல்கிறார். இரண்டு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்க்கிறார். நான்கு அங்குலத்தில் நிறுத்துகிறார். பம்பர்கள் அதற்கு முன்பே செய்யப்பட்டுவிட்டன. அவற்றையும் நடுவில் வெட்டி, ஒரு துண்டு வைத்துப் பூட்டுகிறார்கள்.

புதிதாய் வந்தபோதே ஒட்டு.

விரல் மறுபடி ஓடுகிறது.

*

டிங்கரிங் பாஸ் வருகிறார். சிங்களத்தில் கொஞ்சம், தமிழில் கொஞ்சம். உள்பக்கம் இரும்புக் கட்டியைப் பிடித்து, வெளிப்பக்கம் சுத்தியலால் தட்டுகிறார். கண்ணைத் தகட்டில் வைப்பதில்லை. ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டே தட்டுகிறார். தட்டிவிட்டு உள்ளங்கையால் தடவுகிறார்.

படியோரத்துக்கு ஒயில் பீப்பாவிலிருந்து வெட்டிய தகடு. அதன் வளைவு கொஞ்சம் இருக்கிறது. அதை மறக்கும்வரை தட்டுகிறார்.

*

1990களில் மைனர்களுக்கான பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு இங்கிலாந்தின் பாத் நகரத்துக்குப் போகின்றன. அங்கே சார்ள்ஸ் வேர் நடத்திய மைனர் நிலையம் அவற்றை வாங்குகிறது. இங்கே கார்கள் சாகாமல் இருந்ததால் கை மறக்காமல் இருந்திருக்கிறது.

பாஸிடம் சொல்கிறேன். தலையாட்டுகிறார். பிளேன்டீயில் சீனி போதாது என்கிறார்.

*

முன்சக்கரத்தைத் தாங்குகிற ட்ரனியன். புரிக்குள் புரி. சக்கரம் திரும்பும்போதெல்லாம் இதுவும் திரும்புகிறது. கிறீஸ் இருக்கும்வரை. கிறீஸ் வற்றினால் புரி தேய்ந்து தேய்ந்து, ஒரு நாள் வளைவில் மெதுவாகத் திரும்புகையில் சக்கரம் உள்ளே மடிந்துவிடும்.

கிறீஸ் துப்பாக்கியை நிப்பிளில் வைத்து அழுத்துகிறேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அடியிலிருந்து கறுப்பாய் வருகிறது. பிறகு பழுப்பாய். பிறகு தேன் நிறத்தில். அது வந்ததும் கை நிற்கிறது.

*

சீஆர் புத்தகம். மடிப்புகளில் கிழிந்து, ஒட்டுத்தாளால் தாங்கப்பட்டிருக்கிறது. உரிமையாளர்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்று. நீல மை, கறுப்பு மை, ஊதா. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு திகதி. திகதிகளுக்கு நடுவே வெறுந்தாள்.

*

இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகள். 1956 இல் பதிந்தது. அடுத்த வருடத்திலிருந்து புதிய வாகனங்களுக்குச் சிங்கள ஸ்ரீ. 1958 இல் வடக்கில் அந்த எழுத்தின்மேல் தார் பூசப்படுகிறது. கொழும்பில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளின்மேல் தார் பூசப்படுகிறது. அந்த மே மாதம் இனக் கலவரம்.

தகட்டைப் பழந்துணியால் துடைக்கிறேன்.

*

1983 யூலை. கொழும்பின் தெருக்களில் கார்கள் எரிகின்றன. கார்களுக்குள் ஆட்களும்.

புத்தகத்தில் அந்த வருடத்தில் பெயர்மாற்றம் இல்லை. இந்தக் கார் எங்கோ நின்றிருக்கிறது. ஏதோ ஒரு வாசலில், யாரோ மூடிய கதவுக்கு உள்ளே அல்லது வெளியே.

தகரத்தில் மண்ணெண்ணெய் அசையாமல் இருக்கிறது.

*

லுகருக்குப் பாங்கு சொல்கிறார்கள். பக்கத்துக் கடையில் அரைக்கும் இயந்திரம் நிற்கிறது. அது நின்ற பிறகுதான் அது ஓடிக்கொண்டிருந்தது தெரிகிறது.

*

பின் இருக்கையின் றெக்சினைப் பிரிக்கிறேன். உள்ளே தென்னந்தும்பு. எப்போதோ எவரோ இங்கே நிரப்பியது. தூசி எழும்பி வெயிலில் நிற்கிறது. தும்புக்குள் ஒரு கொண்டையூசி. சதுரமான ஐந்து சதம் ஒன்று.

இரண்டையும் திரும்ப உள்ளே வைத்துத் தைக்கிறேன்.

*

2022. தாங்கியில் ஒன்றுமில்லை. ஊரிலும் இல்லை. யூன் முடிவில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. வரிசையில் இரவில் ஆட்கள் கார்களுக்குள் உறங்குகிறார்கள். பிறகு கியூஆர் அட்டை; காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். இந்தக் கார் கட்டைகளில் நிற்கிறது. அதற்கு ஒன்றும் வேண்டியதில்லை.

2020 இல் வாகன இறக்குமதி நிற்கிறது. 2025 இல்தான் மீண்டும். நடுவில் எல்லாப் பழையவையும் விலை ஏறுகின்றன. ஒழுங்கையில் வருகிறவர்கள் கேட்கிறார்கள், இது விற்கவா என்று.

கேள்வி காற்றில் கொஞ்சம் நிற்கிறது.

*

காபரேற்றர். மேலே ஒரு மணிக்கூண்டு, உள்ளே ஒரு பிஸ்டன். விரலால் உயர்த்தி விடுகிறேன். மெதுவாக இறங்கி, அடியில் டொக் என்கிறது. சுத்தமாக இருந்தால் மட்டும் டொக்.

மறுபடி உயர்த்துகிறேன். மறுபடி விடுகிறேன். இதில் வேலை எதுவும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

*

பக்கத்து வீட்டு ஓட்டோவின் பற்றரி, ஓர் அரை மணித்தியாலத்துக்கு. இந்தக் காரில் நேர்முனைதான் உடம்போடு சேர வேண்டும். வயரை வைத்துப் பார்த்து, மாற்றி, பிறகு இறுக்குகிறேன். ஒரு போத்தல் பெற்றோல்.

சாவியைத் திருப்ப, எஸ்யூ பெற்றோல் பம்பு பல்லி மாதிரிச் சொல்லத் தொடங்குகிறது. டிக் டிக் டிக் டிக். பிறகு இடைவெளி விட்டு. டிக். டிக்.

காபரேற்றர் நிரம்பியதும் நின்றுவிடுகிறது. நிற்காவிட்டால் எங்கோ ஒழுகுகிறது.

இப்போது நின்றிருக்கிறது.

எங்கோ ஒரு டிக்.

*

கதவுத் தூணுக்குள் ஒரு சின்னக் கை. திரும்பும் பக்கம் காட்ட, செம்மஞ்சள் விளக்கோடு வெளியே நீளும். சுவிற்சைப் போடுகிறேன். துடிக்கிறது, எழவில்லை. மூட்டில் ஒரு துளி ஒயில். துடிக்கிறது. நகத்தால் மெல்லத் தொடுகிறேன்.

எழுகிறது. சுவரைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

*

வால்வு இடைவெளி. எட்டு வால்வுகள். ஒன்று முழுதாய்த் திறந்திருக்கையில் எட்டைச் சரிசெய்வது. மூன்று திறந்தால் ஆறு. ஐந்து திறந்தால் நான்கு. இரண்டு திறந்தால் ஏழு. எப்போதும் கூட்டினால் ஒன்பது. பிறகு மறுவளம்.

ஒன்றைத் திருத்த இன்னொன்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முன்னாலிருந்து கம்பியால் எஞ்சினைச் சுற்றுகிறேன். பிளக்குகள் கழற்றியிருப்பதால் இலேசாய்ச் சுற்றுகிறது. துளைகளில் மூச்சு.

*

0.012 அங்குலத் தகடு. வால்வுக்கும் றொக்கருக்கும் நடுவே நுழைக்கிறேன். இழுத்தால் மெல்லிய பிடி வேண்டும். இறுக்கமும் கூடாது, வெறுமையும் கூடாது. புத்தகம் எண்ணைச் சொல்கிறது. பிடி எப்படி இருக்கும் என்று சொல்வதில்லை.

நட்டை இறுக்குகையில் இடைவெளி மாறிவிடுகிறது. தளர்த்துகிறேன். மறுபடி.

வியர்வை ஒரு துளி றொக்கரில் விழுகிறது. காய்வதற்குள் துடைக்கிறேன்.

*

நட்டு அசைகிறது. அந்த நட்டு.

ஸ்பனரில் வழமையான பாரம்தான். கிறீச்சென்று ஒரு சத்தம், பிறகு இலேசு. புரிக்குள் கறள் பொடி, செம்பருத்தி நிறத்தில். காற்று அதைக் கொண்டுபோகிறது.

*

பிரேக் குழாய்கள் புதிது. வீல் சிலிண்டர்களுக்குப் புது ரப்பர். மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே. பலகையைக் கழற்றித்தான் ஒயில் ஊற்ற வேண்டும். சிந்தினால் பெயின்ட்டைத் தின்றுவிடும். ஊற்றும் கைக்குக் கீழே துணி.

குழாய்களுக்குள் காற்று. அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் வருகிறான். வெறுங்காலைப் பெடலில் வைக்கிறான். ரியூசனுக்கு நேரமாகிறதாம்.

கீழே படுக்கிறேன். நிப்பிளில் ஸ்பனர், நிப்பிளிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனி போத்தலுக்குள்.

“அமத்து.”

குமிழிகள். நிப்பிளை மூடுகிறேன்.

“விடு.”

“முடிஞ்சுதா அங்கிள்?”

“இல்ல. இன்னும் காத்து வருது. அமத்து.”