இடுக்கிக் கடைக்காரர்

ஒரு கதையை வீட்டில் கேட்பதற்கும் பள்ளியில் படிப்பதற்கும் உள்ள வேறுபாடு, கதை முடிந்த பிறகு வரும் கேள்விகளில்தான் தெரியத் தொடங்குகிறது. கதை எதைப் பற்றியது என்பதை ஓரிரு வரியில் அடக்கிச் சொல்லும் 'மையக்கருத்து', கதையில் வருபவர் எத்தகையவர் என்று பட்டியலிடும் 'குணநலன்' ஆகிய இரண்டும் எல்லா மொழிப் பாடத்திலும் தவறாமல் கேட்கப்படுகின்றன. மும்பைப் பிள்ளைகள் இந்திப் பாடத்தில் பின்னதைச் 'சரித்ர சித்ரண்', அதாவது பாத்திரச் சித்திரம், என்ற பெயரில் எழுதிப் பழகுகிறார்கள். சித்திரம் என்று பெயரிட்டிருந்தாலும் அங்கே தீட்டப்படுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. அன்பு, பொறுமை, தியாகம் என்று கைடுகளில் அச்சாகியிருக்கும் சொற்களை இடம்பார்த்து ஒட்டுவதே வழக்கமாகிவிட்டது.

இவ்வழக்கத்துக்கு மிக வாகாகப் பொருந்திவிடும் கதைகளுள் ஒன்று பிரேம்சந்த் 1933இல் எழுதிய 'ஈத்கா'. ஈத்கா என்பது பெருநாள் தொழுகைக்கு ஊரார் கூடும் திடல். தாய் தந்தையை இழந்து பாட்டி அமீனாவிடம் வளரும் நான்கைந்து வயது ஹமீத், கையில் மூன்று பைசாவோடு ஊர்ப் பிள்ளைகளுடன் அங்கே போகிறான். அங்கே கூடும் மேளாவில், அதாவது பெருநாள் சந்தையில், மற்றவர்கள் மண்பொம்மையும் மிட்டாயும் வாங்க, அவன் ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல் சுடாமலிருக்க ஓர் இரும்பு இடுக்கி வாங்கி வருகிறான். தமிழகத்தில் இடுக்கி என்றும் மும்பைத் தமிழரிடையே சிம்டா என்றும் வழங்கும் அந்தப் பொருளைச் சுற்றித்தான் தலைமுறை தலைமுறையாக 'தியாகம்' என்ற விடை எழுதப்பட்டுவருகிறது.

மும்பையின் கோவண்டியில், ரயில் நிலையத்துக்குக் கிழக்கே ஒரு மாடியறையில் நடக்கும் மாலைநேர வகுப்பில் இக்கதை இந்தியில் படிக்கப்பட்டுத் தமிழில் பேசப்பட்டது. ஹமீதைப் பற்றி அனைவரும் ஏறத்தாழ ஒரே விடையை எழுதினர். துணைப்பாத்திரம் ஒன்றைப் பற்றி எழுதுக என்ற கேள்விக்குச் சிலர் இடுக்கி விற்ற கடைக்காரரைத் தேர்ந்து, அவர் இரக்கமுள்ளவர், ஏழைச் சிறுவனுக்காக விலையைக் குறைத்தார் என்று எழுத, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும், "அது போணி நேரம், அதனால் கொடுத்தார்" என்று ஒரே வரியில் முடித்திருந்தாள். போணி என்பது நாளின் முதல் வியாபாரம். அதைத் தட்டிக்கழித்தால் அன்று முழுவதும் கல்லா நிறையாது என்பது வியாபாரிகளின் நம்பிக்கை. ஆசிரியை அவ்விடைக்கு எதிரே ஒரு கேள்விக்குறியும், சற்று யோசித்தபின் அரை மதிப்பெண்ணும் போட்டார். இவ்வளவே நடந்தது, ஆனால் அந்த அரை மதிப்பெண் முழுதாகவும் ஆகாமல் சுழியாகவும் ஆகாமல் பல நாட்களாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

கதைக்குள் கடைக்காரருக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. பையனோடு பெரியவர் எவரும் வரவில்லை என்பதைப் பார்த்து, இது உனக்கு ஆகிற பொருளல்ல என்கிறார். ஆறு பைசா என்கிறார். பிறகு ஐந்துக்கு இறங்கி, வேண்டுமானால் வாங்கு, இல்லையென்றால் நடையைக் கட்டு என்கிறார். ஹமீத் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு மூன்று பைசாவுக்குத் தருவீர்களா என்று கேட்டுவிட்டு, திட்டு விழுமோ என்ற பயத்தில் பதிலுக்குக் காத்திராமல் நடக்கத் தொடங்குகிறான். கடைக்காரர் திட்டவில்லை, கூப்பிட்டுக் கொடுத்துவிடுகிறார். ஏன் கூப்பிட்டார் என்று பிரேம்சந்த் சொல்லவில்லை. பையன் தனியாக வந்திருப்பதை அவர் கவனித்தார் என்னும் குறிப்பு இரக்கத்தின் பக்கம் சாய்கிறது. ஆறிலிருந்து ஐந்துக்கு வந்தவர் அங்கேயே நின்று கறார் பேசியது வியாபாரத்தின் பக்கம் சாய்கிறது.

போணி என்ற விடையை முதலில் மறுக்கத் தோன்றியதற்குக் காரணம் நினைவுப் பிழை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையாளர் பள்ளிநாளில் படித்து மனத்தில் வைத்திருந்த ஈத்காவில் மேளா அந்திநேரத்தில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடந்தது; வியாபாரம் முடிந்து கடை கட்டும் நேரத்தில் போணி எங்கிருந்து வரும்? மீண்டும் எடுத்துப் படித்தபோதுதான், தொழுகை முடிந்து மேளாவும் பார்த்துப் பிள்ளைகள் ஊர் திரும்பும்போது மணி பதினொன்றே ஆகியிருந்தது தெரியவந்தது. அந்த அந்தி வெளிச்சம் பிரேம்சந்துடையதன்று. தாராவியில் வளர்ந்த பிள்ளைக்கு மேளா என்றால் டிசம்பரில் மாஹிம் தர்காவை ஒட்டி நடக்கும் மேளாதான். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, ராட்டினத்தையும் அல்வாக் கடைகளின் விளக்கு வரிசையையும் பார்த்த கண்களோடுதான் ஹமீதும் படிக்கப்பட்டிருக்கிறான். அக்காலத்தில் எழுதிய விடைத்தாளில் 'தியாகம்' என்ற சொல்லுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது என்பதும் நினைவிருக்கிறது. கதையின் நேரத்தையே மாற்றிப் படித்தவருக்கு முழு மதிப்பெண். நேரத்தைச் சரியாகக் கணித்தவளுக்கு அரை.

மேளாவில் இரும்புக் கடைப் பக்கம் பிள்ளைகள் யாரும் நிற்கவில்லை என்பதையும் கதை சொல்கிறது. பெருநாள் காலையில் புத்தாடையோடு வருபவர்கள் இடுக்கியும் கரண்டியும் வாங்க முந்துவார்களா என்பதும் ஐயம்தான். ஆக, அந்தக் கடைக்கு முதல் வாடிக்கையாளன் அந்தச் சிறுவனாகவே இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம்.

மையக்கருத்து என்பதற்கு ஈடாகக் 'கருப்பொருள்' என்ற சொல்லும் இன்று விமரிசனத்தில் புழங்குகிறது. தொல்காப்பியத்தில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. முதல், கரு, உரி என்ற மூன்றில் முதற்பொருள் நிலமும் பொழுதுமாகும். உரிப்பொருள் அங்கு நிகழும் மனவொழுக்கமாகும். கருப்பொருளோ தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் என்று அந்நிலத்தில் கண்ணால் காணவும் கையால் தொடவும் கிடைப்பவை. இன்றைய வகுப்பறை தேடும் கருத்துக்கு உரிப்பொருளே சற்று நெருங்கியது. ஆயினும் வழக்கில் நிலைத்தது கருப்பொருள் என்ற பெயர். இந்த இடமாற்றம் எப்படி நேர்ந்ததோ, அதில் ஒரு வசதி இருக்கிறது. பழைய பொருளில் கேட்டால் ஈத்காவின் கருப்பொருள் தியாகமன்று. இடுக்கி, ரொட்டி, மூன்று பைசா, இரும்புக் கடை. அந்த மாணவி எழுதியதும் அந்நிலத்துக்குரிய தொழிலைப் பற்றித்தான்.

அவளுடைய தந்தை ஸ்டேஷனுக்கு வெளியே கைவண்டியில் எலுமிச்சையும் வெள்ளரியும் விற்பவர். முதல் காசு கைக்கு வந்ததும் அதைத் தராசுத் தட்டில் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றி, பிறகே சட்டைப்பைக்குள் போடுவார். பேரம் பேசிவிட்டு நகரும் முதல் ஆளை அவரும் கூப்பிடுவார். கூப்பிடும்போது முகத்தில் சிரிப்பிருக்காது. ஆக, அவள் பிரேம்சந்தின் கடைக்காரரைப் படித்தாளா, தன் தந்தையைப் படித்தாளா என்ற கேள்வி எழுகிறது. அந்தியை ஏற்றிப் படித்தவருக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறதா என்பது வேறு.

ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் கதைமாந்தரைத் தட்டையானவர், திரட்சியானவர் என இரண்டாகப் பிரித்தார். ஒரே குணத்தைச் சுமந்து வருபவர் தட்டை. நம்பும்படியாக நம்மை வியக்கவைக்கக்கூடியவர் திரட்சி. கூப்பிட்டுக் கொடுத்தார் என்ற அளவிலேயே நிற்கும் கடைக்காரர் இக்கணக்கில் தட்டையிலும் தட்டை. 'இரக்கமுள்ளவர்' என்ற விடை அவரை அப்படியே விட்டுவிடுகிறது. 'போணி' என்ற விடை அவருக்கு ஒரு காலைப்பொழுதையும், ஒரு பயத்தையும், விற்காவிட்டால் திரும்பச் சுமக்க வேண்டிய இரும்பின் எடையையும் கொடுக்கிறது. அதற்கு ஈடாக அவருடைய இரக்கத்தைப் பறித்தும்விடுகிறது. இது நியாயமா என்று தெரியவில்லை. போணியை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு இரக்கப்படும் வியாபாரிகளும் உண்டு. சிறுவனைப் பார்த்து மனமிளகியதைத் தனக்கே ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டு, முதல் வியாபாரம் போகட்டும் என்று முணுமுணுத்துக் கொடுப்பவரைக் கோவண்டிச் சந்தையில் எந்தக் காலையிலும் பார்க்கலாம்.

ஆசிரியை பிற்பாடு அவளிடம், "அப்போ அந்தக் கடைக்காரர் நல்லவர் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். "அது எனக்கு எப்படி டீச்சர் தெரியும்? ஹமீதே திரும்பிப் பார்க்கலையே" என்றாளாம் அவள். அது உண்மை. விலையைச் சொல்லிவிட்டு ஹமீத் முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தான். கடைக்காரர் மனம் மாறிய அந்தக் கணத்தில் அவருடைய முகத்தை ஹமீத் பார்க்கவில்லை, பிரேம்சந்தும் காட்டவில்லை. விடைத்தாளில் அரை மதிப்பெண் அப்படியே இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லலாமா என்று இரண்டு முறை தோன்றியும், எந்த எண்ணாகத் திருத்துவது என்பது இக்கட்டுரையாளருக்கு இன்னும் பிடிபடவில்லை.