மூத்த விண்மீனும் மாணாக்கன் வினாவும்

கார்த்திகைத் திங்களிலே மழைமுகில் விலகிய இரவின் முதல் யாமத்தில் தென்றிசையை நோக்குவோர்க்கு, அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே பாதிக்குச் சிறிது தாழச் செம்பொன் நிறத்ததாய் ஒரு விண்மீன் தோன்றும். மேனாட்டார் இதனை அங்கா என்பர். சாம்பரினின்றும் மீண்டெழுவதாகக் கதைக்கப்படும் பீனிக்ஸ் பறவையின் பெயர் பூண்ட விண்மீன் கூட்டத்துள் ஒளிமிக்கது இதுவே. இது ஏறத்தாழ 85 ஒளியாண்டுத் தூரத்தது. இன்று காணும் இதன் ஒளி, யாம் பிறக்குமுன்னரே புறப்பட்டதாம்.

இவ்விண்மீன் மூப்படைந்தது. தன் நடுவிலிருந்த ஐதரசன் முழுதும் ஈலியமாக மாறியமையால் உள்ளகம் சுருங்கிற்று. புறமோ விரிந்து, சூரியனின் ஏறத்தாழ 15 மடங்கு அகலமாயிற்று. மேற்பரப்பின் வெம்மை தணிந்து இந்நிறம் பெற்றது. நமது ஞாயிறும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளின் பின் இந்நிலை எய்துமென்பது வானநூலார் துணிபு.

இதனைக் கற்பித்தபோது மாணாக்கனொருவன், "ஞாயிறும் அழியுமாயின் அறஞ்செய்து பயன் யாது, ஐயா?" என வினவினான். இத்தகைய வினா எழுமிடத்து, 'இது மேனாட்டார் கட்டுக்கதை' என வாயடைப்பாருமுளர். 'இவையெல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டவை' என்பாருமுளர். யாம் இரண்டாவதனையே கூறினோம். "எந்த நூலில், ஐயா?" என்று அவன் மீண்டுங் கேட்ப, மறுமொழியின்றி நின்றோம்.

ஐதரசன் ஈலியமாதலை முன்னோர் கூறினாரல்லர். கூறாததைக் கூறினாரென்றல் அவர்க்குப் பெருமையன்று. பொய்யினாற் காக்கப்படுஞ் சமயம், மாணாக்கன் மேல்வகுப்பு ஏறியவுடன் அவன் உள்ளத்தினின்றும் இறங்கிவிடும்.

அவர் கூறியது வேறு. தோன்றி, நின்று, ஒடுங்குதல் உலகின் இயல்பு என்பதும், அவ்வியல்பே அதற்கொரு கர்த்தா உண்டென்பதற்கு ஏது என்பதும் சிவஞானபோதத்து முதற் சூத்திரத்தின் கருத்து. ஞாயிறு என்றும் நிலைக்குமென்று நமக்கு எவரும் வாக்களித்திலர். தனு கரண புவன போகங்கள் ஆன்மாவின் மலநீக்கத்தின் பொருட்டு அளிக்கப்பட்டன. சங்காரமும் பிறவியில் இளைத்த உயிர்க்கு இளைப்பாற்றலேயென்பது சித்தாந்தம். கருவி அழியும், அதனாற் பெற்ற பயன் உயிரைச் சாரும். சிலேற்று துடைக்கப்படினும் அதில் எழுதிக் கற்ற எழுத்துப் பிள்ளையிடம் நிற்குமன்றோ? அறத்தின் பயனும் அவ்வாறே.

இவ்விடையை அன்று கூறாது விட்டோம். ஆதலின் உபாத்தியாயர்களே, மாணாக்கரை முற்றத்துக்கு அழைத்து இவ்விண்மீனைக் காட்டுமின். வானநூலை வானநூலாகவும், சித்தாந்தத்தைச் சித்தாந்தமாகவும் கற்பித்தலே நம் கடன். மெய்யுரைக்கும் ஆசிரியனிடத்தே சமயம் பழுதின்றி நிற்கும்.