எந்த வருஷத்து மாடல்?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மாடிக் கடை. லேப்டாப்பை எடுத்து மேஜைமேல் வைத்ததும் அவர் "என்ன பிரச்சனை?" என்று கேட்கவில்லை. "இது எந்த வருஷம் தம்பி?" என்றுதான் கேட்டார். கம்பெனி பெயர் மூடியிலேயே பளபளத்துக்கொண்டிருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை. வருஷத்தைச் சொன்னேன். "அப்ப கீல்தான்" என்றார், திறந்துகூடப் பார்க்காமல்.

சரியாகத்தான் சொன்னார். திரையைத் தாங்கும் கீல், உள்ளே வெறும் பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ போட்டு நிறுத்தப்பட்டிருந்தது. முந்தைய வருஷம்வரை அந்த இடத்தில் உலோகச் சட்டம் இருந்ததாம். அதே பெயர், அதே லோகோ, ஏறக்குறைய அதே விலை. என் அறைத்தோழன் அந்த மாடலின் பழைய பதிப்பை ஏழு வருஷம் போட்டு அடித்ததைப் பார்த்துத்தான் நானும் வாங்கியிருந்தேன். என்னுடையது இரண்டாம் வருஷமே விரிசல் விட்டது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. இந்தக் கதையில் யோக்கியம் குறைந்தவர்கள் அவர்கள் மட்டுமில்லை.

ஒரு வருஷத்தில் இவ்வளவு மாறுமா என்று அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். மாறும். திங்க்பேட் பைத்தியம் பிடித்த யாரையாவது கேட்டுப்பாருங்கள், பஞ்சாங்கம் மாதிரி ஒப்பிப்பார்கள். 1992இல் ஐபிஎம் வெளியிட்ட கறுப்புப் பெட்டி. ஜப்பானியரின் பென்டோ சாப்பாட்டுப் பெட்டியை மனதில் வைத்து ரிச்சர்ட் சாப்பர் வடிவமைத்தது. 2005இல் அந்தத் தொழில் லெனோவோ கைக்குப் போன பிறகும் குணம் உடனே மாறிவிடவில்லை. 2011இன் டி420, எக்ஸ்220 வரைக்கும் ஏழு வரிசைக் கீபோர்டு இருந்தது. 2012இல் ஆறு வரிசை ஆனது. 2013இல் டி440 வந்தபோது டச்பேடுக்கு மேலே இருந்த தனி பட்டன்களையும் எடுத்துவிட்டார்கள். சிவப்புக் குமிழை விரலால் நகர்த்திப் பழகியவர்களுக்கு அந்தப் பட்டன்கள்தான் எல்லாம். திட்டு தாங்காமல் 2015இல் டி450இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். நடுவில் வாங்கியவர்கள் வாங்கியவர்கள்தான். எக்ஸ்230 வைத்திருந்த சிலர், முந்தைய எக்ஸ்220இன் கீபோர்டை வாங்கி, ஓரத்தில் கொஞ்சம் பிளாஸ்டிக்கை அரத்தால் ராவி, ஃபர்ம்வேரையும் மாற்றி, புதிய உடம்பில் பழைய வருஷத்தைப் பொருத்திக்கொண்டார்கள். எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் பொறாமை. அவர்களுடையது திறக்க முடிந்த பெட்டி.

பட்டன் போனது சௌகரியக் குறைவு. ஆப்பிளின் கதை அதைவிட மோசம். 2015இல் 12 அங்குல மேக்புக்கில் பட்டர்ஃப்ளை கீபோர்டு வந்தது. மெலிதான உடம்புக்காக, அரை மில்லிமீட்டர் அளவே அமுங்கும் விசைகள். அடுத்த வருஷம் மேக்புக் ப்ரோவுக்கும் அதையே போட்டார்கள். ஒரு தூசி போதும், எழுத்து விழாது, இல்லையென்றால் ரெண்டு தடவை விழும். 2018 ஜூனில் இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தபோதும், பாதிக்கப்பட்டவை சிறு சதவீதம்தான் என்றார்கள். அடுத்த மாதமே வந்த புதிய மாடலில் விசைகளுக்கு அடியில் ஒரு மெல்லிய சிலிக்கோன் சவ்வு இருந்தது. சத்தம் குறையும் என்றது விளம்பரம். தூசி உள்ளே போகாமல் தடுக்க என்றது, வெளியே கசிந்த கம்பெனியின் சர்வீஸ் ஆவணம். 2019 கடைசியில் 16 அங்குல மாடலில் பழைய கத்தரி வகைக் கீபோர்டுக்கே திரும்பினார்கள். 2022இல், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே, 5 கோடி டாலர் கொடுத்து வழக்கைச் சமரசம் செய்துகொண்டார்கள்.

நான் அந்தச் சவ்விலேயே நின்றுவிட்டேன். "தூசிக்காகப் போட்டோம்" என்று சொன்னால், முந்தைய மூன்று வருஷத்துக்காரர்களிடம் உண்மையைச் சொன்னதாகிவிடும். "சத்தம் குறையும்" என்பதும் பொய் இல்லை. நிஜமாகவே குறைந்தது.

இதில் வில்லன் யாரும் இல்லை என்று வாதாடலாம், நானே வாதாடியிருக்கிறேன். புதிதாகச் செய்து பார்க்காமல் ஒரு பொருள் மேம்படாது. ஐந்து வருஷம் உழைக்குமா என்பது ஐந்து வருஷம் கழித்துத்தான் தெரியும். அது நல்ல வருஷம் என்று ஊருக்குத் தெரியவரும்போது அந்தப் பொருள் கடையிலேயே இருக்காது. ஆகவே நாம் எப்போதும் வேறொரு வருஷம் சம்பாதித்த நல்ல பெயரை நம்பித்தான் காசைக் கொடுக்கிறோம். இதுவரை சரி. ஆனால் தெரியவந்த பிறகும் அதே பெயரை ஒட்டி விற்கிறார்களே, அதை என்னவென்று சொல்வது?

சொல்ல எனக்கு வாய் இல்லை.

கடைக்காரர் அரால்டைட் போட்டுக் கீலை ஒட்டிக் கொடுத்தார். "ஆறு மாசம் தாங்கும். அதுக்குள்ள தள்ளிவிட்டுடுங்க தம்பி." செகண்ட் ஹேண்ட் விளம்பரம் போட்டேன். திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன், இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், அப்பாவோடு வந்தான். பதினோராயிரம் ரூபாய், கேரி பேக்கில் சுற்றி எடுத்து வந்திருந்தார்கள். பையன் ஆன் செய்து பார்த்தான். அப்பா மூடியைத் தடவிக்கொண்டே கேட்டார், "இது நல்லா உழைக்குமா சார்?"

"இந்த மாடல் ரொம்ப நல்ல பேர் எடுத்தது சார். என் ஃப்ரெண்டு ஏழு வருஷம் யூஸ் பண்ணான்."

ஒரு வார்த்தை பொய் இல்லை. யாருக்கும் தீங்கு செய்யாத சொல்தான் வாய்மை என்று வள்ளுவர் சொல்வதை ஸ்கூலில் படிக்கும்போது வசதியான விளக்கமாகத் தோன்றியது. நல்லதுக்காகப் பொய் சொல்லலாம் என்று அதைப் புரிந்துகொண்டிருந்தோம். உண்மையை மட்டுமே பேசி ஒருத்தரை ஏமாற்றினால் அதே விளக்கம் கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது தெரியாது.

ஐந்தாவது மாசம் பையனிடமிருந்து மெசேஜ். "அண்ணா, ஸ்க்ரீன் கிட்ட கிராக் ஆயிடுச்சு. எங்க சரி பண்ணலாம்?" கோபமே இல்லாத மெசேஜ். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று டைப் செய்தேன். அழித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே கடையின் லொகேஷனை அனுப்பினேன்.

மூடியைத் திறந்ததும் அவர் தன் அரால்டைட்டைத் தானே அடையாளம் கண்டிருப்பார். அந்தப் பையனிடம் என்ன சொன்னார் என்று இதுவரை நான் கேட்கவில்லை. அந்தப் பக்கம் போனால் எதிர்த் தெரு வழியாகப் போய்விடுகிறேன்.