வினையும் மருந்தும்

திருச்சிற்றம்பலம்

சில திங்களுக்கு முன்னர்ச் சைவ அன்பர் குழுவொன்றிற் கன்மவியல்பு குறித்து யாம் பேசி முடித்தபின், அவையிலிருந்த இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, போரினால் வீடும் நாடும் இழந்து, நோயுற்று வந்து வீழ்வார்க்கு மருத்துவஞ் செய்தல், அவர் நுகரவேண்டிய வினைப்பயனைத் தடுத்தலாகாதோ? தடுத்தல் கூடுமெனின், வினை நுகர்ந்தன்றித் தீராதென்னும் நம் கொள்கை என்னாம்? கூடாதெனின், மருத்துவம் எதன்பொருட்டு?" என்று வினாவினர். அவையிற் சிலர் நகைத்தனர். எமக்கு நகை தோன்றவில்லை. நம்மவருட் பலர் வாயாற் கூறாது மனத்துட் கொண்டிருப்பதொன்றை அவர் வெளிப்படக் கூறினர். அன்று யாம் சொல்லிய சுருங்கிய விடை எமக்கே நிறைவளியாமையின், ஈண்டு விரித்தெழுதத் துணிந்தனம்.

சொல்லளவில் நின்று வாதிப்பதினும் உலகில் நிகழ்ந்ததொன்றை முன்வைத்து ஆராய்தல் நலம். 1971-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாளிரவு, டாக்கா நகரிற் பாக்கித்தானப் படை குடிகள்மேற் பாய்ந்தது. அன்று தொடங்கி அவ்வாண்டிறுதிக்குட் கிழக்கு வங்கத்தினின்றும் ஏறத்தாழ 1 கோடி மக்கள் எல்லை கடந்து இந்திய நாட்டிற் புகுந்தனர். மழைக்காலம் வந்தது, ஒதுங்கக் கூரை போதவில்லை, குடிநீரொடு கழிநீர் கலந்தது, வாந்திபேதி கொள்ளைநோயாய்ப் பரவிற்று. மேற்கு வங்கத்தெல்லையிலுள்ள பன்கான் என்னும் ஊர் மருத்துவமனைக்கு அவ்வாண்டு சூன் திங்களிற் கல்கத்தாவினின்றும் ஒரு மருத்துவர் சென்றனர். அவர் திலீப் மகலனாபிஸ் என்பார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றியவர். 1934-இல் அக்கிழக்கு வங்கத்துக் கிசோர்கஞ்சிலேயே பிறந்தவர்.

அம்மருத்துவமனையில் இரண்டறைகளில் நோயாளர் தரையிற் கிடந்தனர். ஒருவர்க்கு ஊசிவழியாக உப்புநீர் ஏற்ற வேண்டுமாயின், மலமும் வாந்தியும் படிந்த அத்தரையில் முழந்தாளிட்டே ஏற்றல் வேண்டியிருந்தது. அதனைச் செய்யப் பயின்றோர் அவர் குழுவில் இருவரே. ஊசிக்குரிய உப்புநீரும் போதாதாயிற்று. இரண்டு நாளைக்குள், இம்முறையால் இவர்களைக் காத்தல் இயலாதென்று அவர் உணர்ந்தனர்.

அந்நிலையில் அவர் ஒன்று துணிந்தனர். 1 லிட்டர் நீரிற் குளுகோஸ் 22 கிராமும், உப்பு 3.5 கிராமும், சமையற்சோடா 2.5 கிராமும் கரைத்து வாய்வழியாகப் பருகக் கொடுக்கும் முறையொன்று டாக்காவிலும் கல்கத்தாவிலும் முன்னரே ஆராயப்பட்டிருந்தது. ஆயினும் பயிற்சியில்லாதார் கையில் அதனை விடுதற்கு மருத்துவ உலகம் அஞ்சியிருந்தது. மகலனாபிஸ் அப்பொடிகளைக் கல்கத்தாவில் அளந்து பைகளிற் கட்டுவித்துக் கொணர்ந்து, பெரிய கலங்களிற் கரைத்து வைத்து, நோயாளரின் தாயர் கையிலும் உடன்பிறந்தார் கையிலும் குவளையைக் கொடுத்து, "ஊட்டுமின்" என்றனர். முன்னர் நூற்றுக்கு முப்பதின்மர் அளவில் இறந்துகொண்டிருந்த இடத்தில், இம்முறையாற் காக்கப்பட்ட மூவாயிரத்துக்கு மேற்பட்டோருள் இறந்தோர் நூற்றுக்கு 3.6 என்னும் அளவிற்குக் குறைந்தனர். இன்று உலகெங்கும் வயிற்றுப்போக்குற்ற குழந்தைகட்குத் தாயர் கரைத்தூட்டும் உப்பு-சர்க்கரை நீர் அன்று பன்கானிற் பெரிய அளவிற் சோதிக்கப்பட்டுத் தேறியதேயாம். மகலனாபிஸ் 2022 அக்டோபரில் மறைந்தனர். 2023-இல் இந்திய அரசு அவர்க்குப் பதும விபூடணப் பட்டம் அளித்தது.

இனி, இளைஞர் வினாவை இந்நிகழ்ச்சியின்மேல் வைத்து நோக்குவாம். ஈண்டு மூன்று தடைகள் எழும்.

முதற்றடை வருமாறு: அகதியாய் வந்தோர் உற்ற துன்பம் அவர் பிராரத்தமே, அதனை நுகர்ந்து கழித்தலே அவர்க்கு நன்மை, மருத்துவர் இடையே புகுதல் இறைவன் ஆணைக்கு மாறாம் என்பது.

அற்றன்று. வினை பயன்றருதல் உண்மை. அஃது ஆதிதைவிகம், ஆதிபௌதிகம், ஆதியான்மிகம் என மூவகையான் வருமென்பதும் உண்மை. ஆயின் ஓருயிர்க்கு எவ்வினை, எத்துணையளவில், எந்நாள்வரை என்னும் கணக்கு யார் அறிவர்? வினை சடமாகலின் தானே வந்து பொருந்தாது. உயிர் சிற்றறிவினதாகலின் தானே எடுத்து நுகராது. அறிந்து கூட்டுவோன் முதல்வன் ஒருவனே என்பது நம் சித்தாந்தம். அக்கணக்கை அறியாத நாம், "இவனுக்கு இன்னும் துன்பம் எஞ்சியுளது, ஆதலின் நீர் கொடேன்" என்போமாயின், முதல்வன் இருக்கையில் நாம் ஏறி அமர்ந்தோமாவோம். நோயைக் கூட்டிய அருளே குவளையைப் பிடித்த கையையும் கூட்டிற்று என்று கொள்ளுதற்குத் தடை யாது? துன்பம் வினைப்பயனாமாறுபோல, அத்துன்பம் நீங்குதலும் வினைப்பயனேயன்றோ? ஆகவே நுகர்ந்தன்றித் தீராதென்னும் கொள்கைக்கு மருத்துவத்தால் இழுக்கு வாராது. மேலும் அவன் நோய் அவன் வினை. அதனைக் கண்டும் வாளாவிருத்தல் என் வினை. அவன் பிராரத்தத்தைக் காக்கப் புகுந்து நான் ஆகாமியம் ஈட்டுதல் எத்துணைப் பேதைமை!

சிவஞான சித்தியாருடையார், முதல்வன் இன்பதுன்பங்களை நுகர்வித்து வினையறுக்குமாற்றிற்கு மருத்துவனையே உவமையாகக் காட்டினர். மருத்துவன் சில நோய்களை அறுத்துக் கீறியும், சில நோய்களை மருந்தூட்டியும் தீர்க்கின்றான் என்பது அவ்வுவமை. முதல்வன் தொழிலுக்கு உவமையாதற்குத் தக்க தொழில், முதல்வன் ஆணைக்குப் பகையாமாறு யாங்ஙனம்?

இனித் திருஞானசம்பந்தப் பெருமான் வரலாற்றை நோக்குக. பெருமான் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்த நாளிற் பனிக்காலம் வந்தது. உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றிற்று. அவர்கள் ஊர்விட்டு ஊர் நடந்து அயல்நாட்டிற் புகுந்தவர்கள். "இஃது இந்நிலத்தியல்பு" என்றேனும், "இது முன்வினை" என்றேனும் சொல்லி அமைதல் எளிது. பெருமான் அமைந்தாரில்லர். முன்வினைக்கு இதுவே பயனென்று வாளா சொல்லிக்கொண்டிருப்பாரை நோக்கி, உய்யும் வழி தேடாதிருத்தல் நமக்குக் குறையன்றோ என வினவும் கருத்தினதாகிய திருநீலகண்டத் திருப்பதிகத்தை அருளிச்செய்தனர். அத்திருப்பதிகத்துள்ளே சோலை வைத்தலும் குளந்தோண்டுதலும் இறைவழிபாட்டொடு சேர்த்து வைத்துப் பேசப்படுதல் கருதத்தக்கது. பாடக் கேட்டுப் பிணி நீங்குதல் பெருமானது திருவருட்பேறு. அப்பேறில்லாத நமக்குக் கைத்தொண்டு உண்டு.

நாவுக்கரசர்க்குச் சூலை வந்தது அருளாலேயன்றோ, அதனைத் தீர்க்க முயல்வது அருளைத் தடுப்பதன்றோ எனின், திலகவதியார் செய்ததை நினைமின். நள்ளிருளில் தம் வாயிலை அடைந்து வீழ்ந்த தம்பியாரை நோக்கி, "புறச்சமயம் புக்கதன் பயனை நுகர்க" என்று அவ்வம்மையார் கதவடைத்திலர். எடுத்துத் திருநீறு கொடுத்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றனர். சூலையை அருளென்று அறிதற்குரிய தகுதி அதனை உற்றவர்க்கே உண்டு. அருகிருப்பார்க்குரியது ஏந்தும் கையே.

நம் முன்னோரும் இங்ஙனமே கொண்டனர் என்பதற்குச் சான்றுண்டு. வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, மருத்துவரும் அறுவை செய்வாரும் பணிசெய்வாரும் அமர்ந்த, 15 படுக்கைகளையுடைய ஆதுலர்சாலையொன்றைக் கூறுகின்றது. கன்மக் கொள்கையில் நம்மினும் உறுதியுடையராய் வாழ்ந்த அவர், அக்கொள்கையைக் காட்டிப் படுக்கையை மறுத்திலர்.

இரண்டாந்தடை நுண்ணியது, நூல் பயின்றார் எழுப்புவது. அயலார்க்கும் புறச்சமயத்தார்க்கும் செய்யும் உதவி பசுபுண்ணியமேயாம். அது போகத்தைத் தந்து அழியும். சிவபுண்ணியமே ஞானத்திற்கு ஏதுவாம். ஆதலின் சைவர் இதன்கண் முயலவேண்டுவதில்லை என்பர்.

பசுபுண்ணியம் சிவபுண்ணியம் என்னும் வேறுபாடு நூற்றுணிபேயாதலின் அதனை யாம் மறுக்கிலம். ஆயின் அவ்வேறுபாடு கொள்வோனது சமயம்பற்றி மட்டும் வருவதன்று. செய்வோனது உணர்வுபற்றியும் வருவது. "யான் செய்தேன், இவர் என்னாற் பிழைத்தார்" என்னும் முனைப்பொடு செய்வது பசுபுண்ணியமாய் நிற்கும். அதனையே, முதல்வன் ஆணைவழி நின்று, யான் எனது என்னுஞ் செருக்கற்று, இறைபணியாகச் செய்யின் அது சிவபுண்ணியத்துட் சார்தற்குத் தடையென்னை? எல்லாவுயிர்க்கும் உயிராய் முதல்வன் நிறைந்துள்ளானாகலின், எவ்வுடம்பின் வேட்கைக்கு ஊட்டிய நீரும் அவன் அறியாததன்று. செங்குன்றூரிலும் அடியார்க்கென எழுந்த பதிகத்தால் அவ்வூரார்க்கே யன்றி அந்நாடு முழுதிற்கும் பனிப்பிணி தீர்ந்ததெனச் சேக்கிழார் பெருமான் கூறினர். அந்நாட்டார் அனைவரும் தீக்கை பெற்றவரோ என்று அங்கு ஆராயப்படவில்லை.

பன்கானில் நிகழ்ந்ததை இவ்விடத்து மீண்டும் கருதுக. ஊசி மருத்துவன் கையில் இருந்தவரையில் உயிர் கொடுப்பவன் மருத்துவன், கொள்பவன் அகதி. குவளை தாயின் கைக்கு மாறியபொழுது அவ்விரண்டும் ஒன்றாயின. எல்லாம் இழந்து வந்தவளே கொடுப்பவளும் ஆயினள். தன் கல்வியாற் பெற்ற தலைமையைத் தானே விட்டுக்கொடுத்த அம்மருத்துவர் சைவநூல் பயின்றவர் அல்லர். ஆயினும் செருக்கொழிதல் என்று நாம் ஏட்டிற் படிப்பது அச்சேற்றுத் தரையில் நிகழ்ந்தது. அம்மருந்தின் இயல்பும் ஒன்று உணர்த்துகின்றது: வாந்திபேதியுற்ற குடலில் வெறும் உப்புநீர் போதிய அளவு உட்புகாது, குளுகோஸ் உடன் சென்றவழி உப்பு அதனொடு புகும், நீரும் பின்தொடரும். உதவியும் அத்தகையதே. இன்முகம் உடன் செல்லாத உதவி உற்றவர் உள்ளத்திற் புகாது.

மூன்றாந்தடையே கடியது. வந்தோருட் கொலைஞரும் கலந்திருப்பின் என் செய்வது? இது கற்பனையன்று. 1994-இல் ருவாண்டா நாட்டில் தூத்சி மக்கள் இலக்கக்கணக்கிற் கொல்லப்பட்டனர். கொன்றோர் தோற்றபின் அவ்வாண்டு சூலையில், அவரும் அவர்க்கஞ்சிய குடிகளுமாக இலக்கக்கணக்கானோர் எல்லை கடந்து, அந்நாளில் ஜயீர் எனப்பட்ட காங்கோ நாட்டின் கோமா நகர்ப்புறத்தே வீழ்ந்தனர். எரிமலைப் பாறைநிலம், கிணறெடுக்க வொண்ணாது, கழிகுழி தோண்டவும் ஒண்ணாது. வாந்திபேதியும் சீதபேதியும் பரவி, முதல் ஒரு திங்களுக்குள் ஏறத்தாழ 50,000 பேர் மாண்டனர். நோய் தணிந்தபின், அம்முகாம்களைக் கொலைத்தலைவரே ஆண்டு, உதவிப்பொருளைத் தம் வலிமைக்கு ஆக்கிக்கொண்டமை கண்டு, எல்லையற்ற மருத்துவர் என்னும் கழகத்தின் பிரெஞ்சுப் பிரிவினர் அவ்வாண்டு நவம்பரில் வெளியேறினர். பிறர் நோயாளரை விடுதற்கு மனமின்றி அப்பொழுது அங்கேயே நின்றனர்.

இவருள் யார் செய்தது அறம் என்று எளிதில் தீர்ப்புக் கூறுதற்கு எமக்கு நா எழவில்லை. ஆயினும் இரண்டினைப் பிரித்தறிதல் கூடும். நோயுற்ற உடம்பிற்கு மருந்து கொடுத்தல் ஒன்று. தீயோன் கையிற் பண்டகசாலையின் திறவுகோலைக் கொடுத்தல் மற்றொன்று. முன்னையதை மறுத்தற்கு நமக்கு உரிமையில்லை. பின்னையதைக் கொடுத்தற்கும் உரிமையில்லை. பாண்டியன் ஆட்சியிற் சம்பந்தப்பெருமான் தங்கிய திருமடத்திற்குத் தீயிட்டனர். அத்தீயே வெப்புநோயாய் அவனைப் பற்றிற்று. நோய் அவன் ஆட்சியின் குற்றத்தாலே வந்தமை ஐயமற விளங்கியவிடத்தும், தீங்கிழைக்கப்பட்ட பெருமானே திருநீறு தடவி அந்நோயைத் தீர்த்தனர். வினைக்கணக்கு வெளிப்படையாகத் தெரிந்தவிடத்தே இதுவாயின், தெரியாதவிடத்து நாம் செய்யவேண்டுவது சொல்லாமே விளங்கும். தண்டித்தல் முறைமன்றத்திற்குரியது, அதன் மேலது முதல்வனுக்குரியது. மருந்துக்குப்பி துலாக்கோல் அன்று.

2024-ஆம் ஆண்டின் இறுதியில், போரினாலும் கொடுமையினாலும் இடம்பெயர்ந்தோர் உலகில் 12 கோடிக்கு மேற்பட்டவர் என ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையகம் கணித்துள்ளது. இவரிடத்து "வினை" என்னும் சொல்லை நாம் வழங்குங்கால் அஞ்சி வழங்கல் வேண்டும். அச்சொல் நம் துன்பத்தை நாம் பொறுத்தற்கு ஆசிரியர் அருளிய மருந்து. பிறர் துன்பத்தை நாம் பொறுத்துக்கொண்டிருத்தற்கு அருளியதன்று. தனக்குக் கொடுத்த மருந்தைப் பிறனுக்கு நஞ்சாகத் திரிப்பவன் மருந்தின் பயனையும் இழப்பான்.

வினாவிய இளைஞர்க்கு யாம் இப்பொழுது கூறும் விடை இதுவே: வினை உண்டு, அதனை அறிவோன் ஒருவன் உளன், அவன் நின்னை அக்கணக்கைப் பார்க்க அழைத்திலன், குவளையைப் பிடிக்கவே அழைத்தனன். மடங்களிலும் மன்றங்களிலும் கன்மவியல் பேசும் நாம், பேசி எழுந்தவுடன் அக்குவளை எங்கேயென்று தேடுவோமாயின் நம் பேச்சும் வழிபாடாம்.

திருச்சிற்றம்பலம்