அரண்மனைக் கூலியும் அம்மம்மாவின் கூச்சமும்



யாத்திராகமத்தின் இரண்டாம் அதிகாரத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். எபிரேயரின் ஆண் குழந்தைகளை ஆற்றில் எறியும்படி பார்வோன் கட்டளையிட்டிருந்த காலம் அது. ஒரு தாய் தன் குழந்தையை மூன்று மாதம் மறைத்து வளர்த்தாள். பின்னர் மறைக்க வழியின்றி, கூடையில் கிடத்தி ஆற்றோர நாணலிடையே விட்டாள். நீராட வந்த அரசகுமாரி குழந்தையின் அழுகைக்கு இரங்கினாள். காவல் நின்ற தமக்கை ஓடிவந்து, பாலூட்ட ஒரு பெண்ணை அழைத்து வரட்டுமா என்று கேட்டாள். அவள் அழைத்து வந்ததோ பெற்ற தாயையே!

அதன்பின் நடந்ததை நாம் அதிகம் கவனிப்பதில்லை. குழந்தையை வளர்ப்பதற்குக் கூலி தருவதாக அரசகுமாரி சொன்னாள். தாய் மறுக்காமல் பிள்ளையை வாங்கிச் சென்று வளர்த்தாள். அரண்மனைக் காசு அவள் தாய்மையைக் குறைத்துவிட்டதா? இல்லவே இல்லை. அந்தப் பிள்ளைதான் இறைமக்களை மீட்டுச் சென்ற மோயீசன்.

யுத்தமும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் நம்மிடையே எத்தனையோ பிள்ளைகளைத் தாய் தகப்பன் இல்லாதவர்களாக்கின. இன்றும் நோயும் வறுமையும் வெளிநாட்டு உழைப்பும் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கின்றன. அவர்களை அணைத்துக்கொள்வது யார்? அம்மம்மா, பெரியம்மா, சித்தி, சில வேளை அயல்வீட்டார். ஆனால் அரசாங்க உதவிக்கு விண்ணப்பியுங்கள் என்றால், “என்ர பேரப்பிள்ளையைக் காட்டிக் காசு வாங்கிறதோ? சனம் என்ன சொல்லும்?” என்று அம்மம்மா பின்வாங்குகிறார்.

அன்பான அம்மம்மாமாரே, உங்கள் மானத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்? கொப்பியில்லாமல் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையல்லவா கொடுக்கிறது! நம் நாட்டுச் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு உண்டு. அவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்தது பெரும்பாலும் வறுமையே. குடும்பத்தை இழந்த பிள்ளைக்கு அரசின் விசேட பாதுகாப்பும் உதவியும் உரியவை என்று சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 20ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே நீங்கள் பிச்சை கேட்கவில்லை. பிள்ளைக்கு உரியதைப் பிள்ளைக்காகக் கேட்கிறீர்கள்.

முதலில் உங்கள் விதானையாரிடம் செல்லுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும், நன்னடத்தை உத்தியோகத்தரையும் பற்றி விசாரித்து அவர்களைச் சந்தியுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் பாடசாலைக் கடிதத்தையும் கையோடு கொண்டு போங்கள். பிள்ளை உங்கள் பொறுப்பில் இருப்பதற்கு நீதிமன்றக் கட்டளை தேவையா என்றும் கேட்டறியுங்கள். காணாமற்போன மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத தாய்மாரும் நம்மிடையே உண்டு. மரணம் என்று எழுதாமலே, ஆள் காணக்கிடைக்கவில்லை என்று சான்றிதழ் பெற 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வழி செய்தது. அதையும் விசாரியுங்கள்.

யேசுவின் வளர்ப்புத் தந்தையான புனித சூசையப்பரைப் பாருங்கள். அகுஸ்து செசாரின் கட்டளைப்படி பெயர் பதிவதற்காக, கர்ப்பவதியான மரியன்னையோடு பெத்லெகேம்வரை நடந்தார். அரச ஏட்டில் தம் குடும்பத்தின் பெயர் எழுதப்படுவதை அவர் இழிவாக எண்ணவில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பிள்ளையின் பெயரில் வரும் காசு பிள்ளையின் காசு. அதில் குடிப்பதும், சொந்த மகளுக்கு நகை செய்வதும் ஏழாம் கட்டளைக்கு விரோதமான களவு. அதிலும் அநாதையிடம் செய்யும் களவு.

அயலவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். “காசுக்காகத்தான் வளர்க்கிறாள்” என்ற ஒரு பேச்சு, நீட்டிய கையை மடக்கிவிடும். அப்படிப் பேசும் நாவை அடக்குங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞரே, எழுத்தறியாத ஓர் அம்மம்மாவோடு ஒரு நாள் கந்தோருக்குப் போய் வாருங்கள். அந்தச் சிறு பிள்ளையை ஏற்றுக்கொள்பவர் தம்மையே ஏற்றுக்கொள்வதாக ஆண்டவர் சொல்லியிருக்கிறார். அன்று கந்தோர் வாங்கில் உங்கள் அருகே காத்திருப்பவர் அவரே.

மோயீசனின் தாய்க்குக் கூலியையும் மதியையும் ஒருங்கே அருளிய இறைவன், பிறர் பிள்ளைகளை வளர்க்கும் எல்லா வீடுகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.