தேரில் அமர்ந்திருப்பது யார்?

2023 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சி.இ.எஸ். கண்காட்சியில் பி.எம்.டபிள்யூ நிறுவனம் ‘ஐ விஷன் டீ’ என்றொரு மாதிரிக் காரை மேடையேற்றியது. அதன் மேற்பரப்பை 240 துண்டுகளாகப் பகுத்து ஈ-இங்க் படலம் ஒட்டியிருந்தார்கள். கிண்டிலில் இருக்கும் அதே நுட்பம்தான். கார் 32 நிறங்களுக்கு மாறும். பேசும். முன்விளக்குகளாலேயே மகிழ்ச்சி, வியப்பு என்று முகபாவம் காட்டும். முன்கண்ணாடியில் விரியும் மெய்நிகர்க் காட்சியை ஐந்து படிகளில் கூட்டிக்கொண்டே போகலாம். கடைசிப் படியில் வெளியுலகம் மறைந்தே போகும். நம் ஊர் ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் நிறத்துக்கென்று ஓர் இடம் உண்டு. இந்தக் காருக்கு அதில் என்ன எழுதுவார்களோ!

நிறம் போகட்டும். 2008-இல் இதே நிறுவனம் காட்டிய ‘ஜினா’ காருக்கு மேலுடம்பே நெகிழும் துணி. உள்ளிருக்கும் கம்பிச் சட்டம் அசைந்தால் காரின் உருவம் மாறும். முன்விளக்குகள் இமை திறப்பதுபோலத் திறக்கும். நிறமும் நிலையில்லை, உருவமும் நிலையில்லை என்றால் கார் என்பது எது?

இந்தக் கேள்விக்கு வயது ஈராயிரம். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் வடமேற்கை ஆண்ட கிரேக்க அரசர் மெனாண்டர், ‘மிலிந்த பன்ஹ’ என்னும் பௌத்த நூலில் மிலிந்தராக வருகிறார். நடந்து வந்தீர்களா, தேரில் வந்தீர்களா என்று நாகசேனர் என்ற துறவி அவரைக் கேட்கிறார். தேரில்தான் என்கிறார் அரசர். அப்படியானால் அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகத்தடி தேரா என்று துறவி ஒவ்வொன்றாகக் கேட்க, எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் வருகிறது. உறுப்புகள் கூடியிருப்பதற்கு இட்ட பெயரே தேர் என்று அரசரே ஒப்புக்கொள்கிறார். துறவி அதற்காகத்தான் காத்திருந்தார்: ‘நாகசேனன்’ என்ற ஆளும் அவ்வளவே.

காரைச் செய்பவர்கள் இதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வண்டி எதுவாகவும் மாறலாம். ஆனால் அது யாருக்காக மாறுகிறதோ அந்த ‘நீங்கள்’ மாறாமல் உட்கார்ந்திருப்பீர்கள் என்பது அவர்கள் கணக்கு. 2015-இல் மெர்சிடிஸ் காட்டிய ‘எஃப் 015’ காரில் நான்கு இருக்கைகளும் சுழன்று எதிரெதிரே திரும்பும். கார் தானே ஓட, உள்ளே கூடம் போல அரட்டை நடக்கும். 2018-இல் வந்த வால்வோவின் ‘360சி’ இன்னும் ஒரு படி மேல். படுக்கையறை, அலுவலகம், வரவேற்பறை, கேளிக்கைக் கூடம் என நான்கு வேடம் அதற்கு. படுத்திருப்பவருக்கு சீட் பெல்ட்டுக்குப் பதில் பாதுகாப்புப் போர்வை!

பயணியைப் பற்றி வேறொரு பார்வையும் உண்டு. கடோபநிடதத்தில் எமன் நசிகேதனுக்குச் சொல்வது: உடல் தேர், ஆன்மா அதில் செல்பவர், புத்தி பாகன், மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். இதை வைத்து இன்றைய கார்களைப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. 2017-இல் ஹோண்டாவின் ‘நியூவி’ மாதிரிக் கார், ஓட்டுபவரின் உணர்ச்சியைக் கணிக்கும் நிரலோடு வந்தது. 2019-இல் கியா, எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தோடு சேர்ந்து உருவாக்கிய ஏற்பாடு முகத்தையும் இதயத் துடிப்பையும் படித்து, விளக்கு, இசை, வெப்பம், நறுமணம் எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றியது. அது படிப்பது குதிரைகளை. பணிவதும் குதிரைகளுக்குத்தான்.

குருட்சேத்திரத்தில் அர்ஜுனனுக்கு உடல் நடுங்கியது, வாய் உலர்ந்தது, வில் நழுவியது. அத்தனையும் அளக்கத்தக்க அறிகுறிகள். கியாவின் கருவி அங்கே இருந்திருந்தால் மெல்லிசை போட்டு, குளிர்ச்சியைக் கூட்டியிருக்கும். தானே ஓடும் தேர் என்றால் வீட்டைப் பார்த்துத் திருப்பியும் இருக்கும். பார்த்தசாரதி தேரைத் திருப்பவில்லை. சொன்ன இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர், அர்ஜுனனின் மனநிலைக்கு மட்டும் இணங்க மறுத்தார். போர் சரியா என்பது தனி வழக்கு. மறுக்கவும் தெரிந்தவரே பாகன் என்பது இங்கே போதும்.

இதைக் கேட்டுவிட்டு ஸ்டியரிங்தான் தர்மம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 2012-இல் கூகுள் வெளியிட்ட காணொளி ஒன்றில், பார்வையிழந்த ஒருவர் தானோட்டிக் காரில் போய் உணவு வாங்கி வந்தார். அவருக்கு அது விடுதலை. அதை எந்தத் தத்துவமும் குறைசொல்ல முடியாது.

ஆனால் பாகன் இறங்கிப் போனால் பழி யார்மேல்? மெர்சிடிஸின் எஃப் 015, தெருவைக் கடக்க நிற்பவருக்காக லேசர் ஒளியால் சாலையில் வரிக்குதிரைக் கோடு வரைந்து வழிவிடும். அழகான கற்பனை. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில் நடந்தது வேறு. இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் மீது ஊபரின் சோதனைக் கார் மோதி, அவர் இறந்தார். கோடு இல்லாத இடத்தில் மனிதர் கடப்பார் என்ற எண்ணமே அதன் நிரலில் இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. அந்தக் காரைச் செய்த வால்வோ பொருத்தியிருந்த தானியங்கி பிரேக்கையும் சோதனைக்காக முடக்கி வைத்திருந்தார்கள். மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்த ஊழியரின் கண், கைப்பேசியில் இருந்தது.

நிறுவனத்தின் மீது குற்ற வழக்கு தொடரவில்லை. 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு பெற்றவர், காரை ஓட்டாமல் இருக்கையில் அமர்ந்திருந்த அந்த ஊழியர்.