பழையது என்று தீர்ப்பளிப்பவர் யார்?

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பாதையோரத்துத் தோட்டமொன்றில் நமக்குப் பழக்கமான குடும்பமொன்று வசிக்கிறது. தாய் கொழுந்து பறிப்பவர். தந்தை கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். மூத்த மகன் உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவில் படிக்கிறான். அவர்களது லயக் காம்பராவின் மூலையில், பழைய சேலைத் துண்டொன்றால் மூடப்பட்டு, ஒரு கணினி இருக்கிறது. கொழும்பு அலுவலகமொன்று கழித்துவிட்ட கணினிகளுள் அதுவும் ஒன்று. பதுளைக் கடையொன்றில் தவணை முறையில் வாங்கினார்கள். 2025ஆம் ஆண்டில் ஒரு நாள் அதன் திரையில் ஓர் அறிவித்தல் தோன்றிற்று. விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிவடையப்போகிறது என்றும், இந்தக் கணினி விண்டோஸ் 11க்கு வேண்டிய தகைமைகளைக் கொண்டதன்று என்றும் அது கூறிற்று.

மகன் அதைத் தமிழில் விளக்கிச் சொன்னபோது தாய் நம்மைப் பார்த்துக் கேட்டார்: “ஏங்க சேர், நல்லாத்தானே ஓடுது? ஓடுற மிசினப் போயி யாரு பழசுன்னு சொல்றது?”

அன்று நம்மால் உடனே விடை கூற இயலவில்லை.

நடந்தது யாதென முதலில் பார்ப்போம். கணினிப் பெட்டி தன்னளவில் வெறும் தகரமும் தகடுந்தான். அதற்கு உயிரூட்டுவது, நமது பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று பெயரிட்டிருக்கும் அடிப்படை மென்பொருள். வீட்டுக் கணினிகளுள் பெரும்பாலானவை மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் முறைமையில் இயங்குகின்றன. 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை அந்நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திற்று. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 நான்கு ஜிகாபைட் நினைவகத்தோடு நிறைவடைவதில்லை. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. இன்டெல் செயலியாயின், சில விதிவிலக்குகள் நீங்கலாக, 2017இல் வரத்தொடங்கிய எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ கேட்கிறது. இதன் விளைவாக உலகெங்கும் 24 கோடிக் கணினிகள் கழிவாகக்கூடும் என்று கனாலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023இல் மதிப்பிட்டது. குறித்த நாளில் எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. ஆனால் பின்னர் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை. பூட்டுப் பழுதான வீட்டில் தொடர்ந்து குடியிருப்பது போன்ற நிலை அது.

எந்திரம் எவ்வாறு முதுமை அடைகிறது என்னும் கேள்வி புதியதன்று. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ நூலில் மார்க்ஸ் இதை ஆராய்ந்திருக்கிறார். ஓடி ஓடித் தேய்வது ஒன்று. உறையிலிட்ட வாள் துருவேறுவதுபோல், ஓடாதிருந்து கெடுவது மற்றொன்று. இவையன்றி மூன்றாவதாக அவர் கூறுவது, அதே எந்திரத்தை மலிவாகச் செய்ய முடிவதனாலோ அதனினும் சிறந்த எந்திரம் தோன்றுவதனாலோ பழைய எந்திரம் மதிப்பிழப்பது. இதற்கு அவர் இட்ட பெயரைத் தமிழில் ஒழுக்கத் தேய்மானம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒழுக்கம் என்ற சொல்லுக்கு அங்கே அறத்தோடு தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் நம் லயத்துக் கணினியை நினைக்கும்போது, அச்சொல் தற்செயலாகவேனும் பொருத்தமாக அமைந்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

ஏனெனில் அக்கணினி இம்மூன்றில் எதனாலும் வீழ்ந்துவிடவில்லை. தேய்ந்தது உண்மை, ஆனால் ஓடுகிறது. துருப்பிடிக்கவில்லை. அதைவிடச் சிறந்தவை சந்தையில் உள்ளன; எனினும் அக்குடும்பத்தின் தேவைக்கு, அதாவது பாடக் குறிப்பு எழுதுவதற்கும், கடந்தகால வினாத்தாளைத் திறப்பதற்கும், தந்தையோடு முகம் பார்த்துப் பேசுவதற்கும் இது போதும். இதை முதுமையாக்கியது தூர தேசத்தில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு.

தேயிலைத் தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள். ஹப்புத்தளைக்கு அப்பால் தம்பேதன்னையில் தோமஸ் லிப்டன் 1890இல் கட்டுவித்த தொழிற்சாலையில் இன்றும் தேயிலை ஆகிறது. நமது மலைகளில் கொழுந்து உருட்டும் எந்திரங்களுள் இரண்டு மூன்று தலைமுறைத் தொழிலாளரைப் பார்த்தவை உண்டு. பித்தளைத் தட்டு தேய்ந்தால் மாற்றுவார்கள், எண்ணெய் இடுவார்கள், உதிரிப் பாகம் கிடையாவிடின் பட்டறையிலேயே வார்த்தெடுப்பார்கள். துரைமாரின் காலத்தில்கூட, எந்திரத்தைச் செய்து விற்ற பிரித்தானியக் கம்பெனி, ‘இனி இதை ஓட்டுவது ஆபத்து’ என்று கடிதம் எழுதி அதை முடக்கியதில்லை. விற்ற பொருள் விற்றதே. கணினியிலோ பெட்டியை மட்டுமே நாம் வாங்குகிறோம். அதனுள் இயங்கும் முறைமைக்கு நமக்குக் கிடைப்பது ஓர் அனுமதிச் சீட்டு. சீட்டுக்குக் கட்டுண்டு வாழ்வது மலையகத்தாருக்குப் புதிதன்று. 1921இல் ஒழிக்கப்படும் வரை ‘துண்டு’ என்னும் கடன் சீட்டு இல்லாமல் நம் பாட்டன்மாரால் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக இயலவில்லை. சிறு காரியத்தைப் பெருந்துயரோடு ஒப்பிடுவதாக வாசகர் கடிந்துகொள்ளலாம். துயரின் அளவை நாம் ஒப்பிடவில்லை. முடிவு யார் கையில் இருக்கிறது என்பதையே ஒப்பிடுகிறோம்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் கேட்க வேண்டும். பாதுகாப்பு வெறும் சாக்கு அன்று. 2017 மே மாதத்தில் ‘வன்னாக்ரை’ என்னும் கொடிய நிரல், திருத்தப்படாத விண்டோஸ் கணினிகளுள் புகுந்து பிரித்தானிய மருத்துவமனைகளையே நிலைகுலையச் செய்தது. மென்பொருளைக் காலமெல்லாம் திருத்திக்கொண்டிருப்பதும் உழைப்பு. அந்த உழைப்பாளிகளுக்கும் கூலி வேண்டும். முறைமை பருத்ததற்கு முழுவதும் ஊதாரித்தனமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிறது என்று நிக்லாஸ் விர்த் என்னும் சுவிஸ் அறிஞர் 1995இலேயே குறைபட்டுக்கொண்டார். அதே ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 95 நான்கு மெகாபைட் நினைவகத்தோடு இயங்கிற்று. இன்றைய விண்டோஸ் அதைப்போல் ஆயிரம் மடங்கு கேட்கிறது. ஒரு கடிதம் எழுதுவது ஆயிரம் மடங்கு கடினமாகிவிட்டதா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பழைய விண்டோஸில் தமிழை முறையாக எழுத வழியில்லாதிருந்தது. வளர்ச்சியில் ஒரு பங்கு நமக்கும் கிடைத்திருக்கிறது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று உறுத்துகிறது. வன்னாக்ரை பரவியபோது, 2014இலேயே கைவிடப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசொப்ட் அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. முடியாது என்று கருதப்பட்டது முடிந்தது! 2025இலும் அதுவே. விண்டோஸ் 10க்கான திருத்தங்கள் தொடர்ந்து தயாராகின்றன. வீட்டுப் பாவனையாளருக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீடிப்பு என்றும், அதற்கு 30 டொலர் செலுத்தலாம் அல்லது கணினியின் அமைப்புகளை நிறுவனத்துக் கணக்கோடு இணைத்துவைக்கலாம் என்றும் அறிவிக்கப்பட்டது. ஐரோப்பியப் பொருளாதார வலயத்தாருக்கு நுகர்வோர் அமைப்புகளின் அழுத்தத்தினால் நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன, கட்டணமும் இல்லை. ஊவாத் தோட்டத்துக்காக அழுத்தம் கொடுப்பார் யார்? டொலருக்கு 300 ரூபா என்று கொண்டால் 30 டொலர் 9000 ரூபா. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1350 ரூபா நாட்கூலியில் அது ஏறத்தாழ ஏழு நாள் உழைப்பு. மருந்து செய்யப்பட்டுவிட்டது, புட்டியும் நிரம்பியிருக்கிறது, யாருக்குக் கொடுப்பது என்பதே மிச்சம். அந்நிலையில் ‘உங்கள் எந்திரம் பழையது’ என்பது முழு உண்மையன்று. ‘உங்களைப் பேணுவது எமக்கு இலாபமன்று’ என்று கூறுவதே நேர்மை.

அந்தக் குடும்பம் வேறு வழி தேடிற்று. ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் தொடங்கிய சுதந்திர மென்பொருள் முயற்சியும், பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கருவும் சேர்ந்து உருவான முறைமைகள் பல உண்டு. மூலநிரல் திறந்திருப்பதால் எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். இது அந்நியச் சரக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் கடற்கோளின்பின் காணாமற்போனோரைப் பதிவதற்கும் நிவாரணத்தை ஒழுங்குபடுத்துவதற்கும் இலங்கை இளைஞர்கள் எழுதிய ‘சஹானா’ இந்த மரபில் பிறந்ததே. அவற்றுள் லினக்ஸ் மின்ற் என்பதன் இலகுவான எக்ஸ்.எப்.சி.ஈ. பதிப்பை மகன் தெரிந்தெடுத்தான். அதற்கு இரண்டு ஜிகாபைட் நினைவகமே போதும்.

எல்லாம் எளிதில் நடந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். இரண்டு மூன்று ஜிகாபைட் கோப்பைத் தோட்டத்தில் இறக்குவது எப்படி? 2021இல் ஊரடங்கு நாட்களில் ஊவாவின் மலைக்கிராமத்துப் பிள்ளைகள் அலைவரிசை தேடிக் காட்டுப் பாறைமேல் ஏறிப் பாடம் கேட்டதை உலகப் பத்திரிகைகள் படம்பிடித்துப் போட்டன. இன்றும் அந்த லயத்தில் சன்னலோரம் நின்றால்தான் தொடர்பு கிடைக்கிறது. ஈற்றில் பதுளை நண்பனொருவன் பென்டிரைவில் கொண்டுவந்தான். பழைய வன்தட்டு ஊர்ந்தமையால், தாயின் நாலைந்து நாட்கூலியில் ஒரு சிறு எஸ்.எஸ்.டி. வாங்க நேர்ந்தது. பாமினி எழுத்துருவில் ஆசிரியர்கள் தயாரித்த குறிப்புகள் முதலில் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தன. பாடநூலில் உள்ள படங்களோ விண்டோஸ் திரையையே காட்டுகின்றன. ஒரு வாரம் அவன் தூங்கவில்லை. பிறகு ஓடிற்று. முன்னிலும் விரைவாக ஓடிற்று.

“கவ்வாத்து வெட்டுன மாதிரி,” என்றார் தாய். மூன்று முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டினால் கிழட்டுத் தேயிலைச் செடியும் தளிர்விடும் என்பதை அவரைவிட அறிந்தவர் யார்?

இந்த இடத்தில் மகிழ்ந்து பேனாவை மூடிவைத்திருக்கலாம். ஆனால் அண்மையில் நாம் சென்ற ஒரு விழா மனத்தை விட்டு அகலவில்லை. தோட்டப்புறப் பாடசாலையொன்றுக்கு நகரத்து அமைப்பொன்று பத்துப் பழைய கணினிகளை அன்பளிப்புச் செய்தது. எல்லாவற்றிலும் இலகுவான லினக்ஸ் நிறுவப்பட்டிருந்தது. மாலை அணிவித்தார்கள், படம் எடுத்தார்கள். பேசிய பிரமுகர், பழையதைப் பேணுவது தமிழர் பண்பாடு என்றும், சுற்றாடலுக்கு நல்லது என்றும் கூறினார். 2022இல் உலகம் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவை உண்டாக்கிற்று. அதில் கால் பங்குக்கும் குறைவாகவே முறைப்படி மீட்கப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. ஆகவே அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அவரது பிள்ளை எந்தக் கணினியில் படிக்கிறது என்று நாம் மனத்துக்குள் கேட்டுக்கொண்டோம். மூன்று மாதத்தில் ஆறு கணினிகள் படுத்துவிட்டன.

லயங்களும் ஒரு காலத்தில் தற்காலிக ஏற்பாடாகக் கட்டப்பட்டவைதாம். தகரம் மாற்றி, சுவர் பூசி, ‘இவர்களுக்கு இது போதும்’ என்று நூறாண்டுக்கு மேல் ஓட்டியாயிற்று. ஆகவே ‘போதும்’ என்னும் சொல்லை மலையகம் ஐயத்தோடுதான் கேட்கும். மகன் தன் கணினிக்கு அது போதும் என்று தீர்மானித்ததும், பிரமுகர் பத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது போதும் என்று தீர்மானித்ததும் ஒரே செயலல்ல. முன்னதில், எந்திரத்தைத் திறந்து பார்த்தவனே தீர்ப்பும் வழங்கினான். நாளை போதாதென்று கண்டால் அத்தீர்ப்பை மாற்றவும் அவனால் முடியும். பின்னதில், மைக்ரோசொப்ட் இருந்த நாற்காலியில் தருமவான் அமர்ந்திருக்கிறார்; ஆள் மாறியதேயன்றி ஏற்பாடு மாறவில்லை. அரசு புதிய கணினி வழங்க வேண்டும், திருத்துநரை நியமிக்க வேண்டும் என்ற கோரிக்கையை, பழையதில் லினக்ஸ் ஓடுகிறது என்பதைக் காட்டி எவரும் தட்டிக்கழிக்க இடமளிக்கலாகாது.

சுதந்திர மென்பொருளும் எல்லாவற்றையும் என்றென்றும் சுமப்பதில்லை. 2025 ஆகஸ்ட்டில் வெளிவந்த டெபியன் 13, பழைய 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவும் வழியைக் கைவிட்டது. அங்கும் ஆட்பலம் குறைவு. ஆனால் கதவு பூட்டப்படவில்லை. விரும்புவோர் நிரலை எடுத்துத் தொடரலாம், தொடர வல்லவர் இருந்தால். அப்படியானவர்களை உருவாக்கும் வகுப்பறை ஊவாவில் எத்தனை?

அந்தப் பாடசாலையில் படுத்துவிட்ட ஆறு கணினிகளைப் பார்க்கும்படி அதிபர் நம் நண்பரின் மகனை அழைத்தார். அவன் ஒரு திருப்புளியோடு போனான். பெட்டிகள் பாடசாலையின் பொருட்பதிவேட்டில் ஏறிவிட்டமையால், மேலிடத்து எழுத்து மூல அனுமதியின்றித் திறக்கலாகாது என்று அங்கே சொன்னார்கள். கடிதம் அனுப்பி ஏழு வாரமாகிறது. அவன் திருப்புளியைப் புத்தகப்பையிலேயே வைத்திருக்கிறான்.